ஜமீனும் பெஞ்சும்

வாங்க தம்பி, வாங்க. அந்தச் சேர்ல உக்காராதீங்க, அது மூணு காலுல நிக்குது. இந்தா, இதுல உக்காருங்க. நாய் விசயமாத்தான வந்திருக்கீங்க? வண்டி நம்பரைப் பாத்தேன், ஈரோடு. அம்புட்டுத் தூரத்துல இருந்து இந்தக் கரிசக்காட்டுக்கு ஒருத்தர் காரைப் போட்டுக்கிட்டு வந்தா, ஒண்ணு பொண்ணு பாக்க வந்திருக்கணும், இல்லேன்னா நாய் பாக்க வந்திருக்கணும். உங்க விரல்ல கல்யாண மோதிரம் கிடக்கு. அப்ப நாய்தான்.

இருங்க, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். வந்ததும் வராததுமா நாயைக் கேக்கக் கூடாது. மொதல்ல நாயைப் பத்திக் கேக்கணும், அப்புறந்தான் நாயைக் கேக்கணும். இந்தப் பக்கம் அதான் மரியாதை. ஏ வெள்ளத்தாயி, தம்பிக்குக் காப்பி போடு! என் வீட்டுக்காரி. காது நல்லாக் கேக்கும், நான் சொல்லுறது மட்டும் கேக்காது.

அந்தா, வேப்ப மரத்தடியில நிக்குது பாருங்க. அதான் ஜமீன். பேரே ஜமீன்தான். கருப்பு ஒடம்பு, கண்ணுக்கு மேல ரெண்டு செம்பொட்டு, இடுப்பைப் பாருங்க, ஒரு கைக்குள்ள அடங்கிரும். சுத்தமான கன்னி நாய், வேட்டைச் சாதி. நீங்க வந்தீங்களே, குரைச்சுதா? குரைக்காது. தெரு நாய்தான் குரைக்கும். இது பாக்கும். பாத்துட்டு, இந்த ஆளு தேற மாட்டான்னு மொகத்தைத் திருப்பிக்கிடும். இப்பத் திருப்பிருச்சா? தப்பா எடுத்துக்கிடாதீங்க, எனக்கும் அப்பிடித்தான் திருப்பும்.

சீ, எறங்கு! உங்களை இல்ல தம்பி, இந்தப் பயலைச் சொன்னேன். இதைக் கண்டுக்கிடாதீங்க. இதுவும் நாய்தான், பேரு பெஞ்சு. ஒடம்பு நீளம், காலு கிடையாது. இருக்கு, இருக்கு, கீழே குனிஞ்சு பாத்தாத் தெரியும். மடியில ஏறி உக்காந்துக்கிடும். எறக்கி விட்டாத் திரும்ப ஏறும். அதுக்கு நாம எறக்காமலே இருந்துரலாம். அந்தச் சேர்க் காலைத் தின்னது இதுதான்.

ஜமீன் கதைக்கு வாரேன். கன்னி நாயை நாங்க விக்க மாட்டோம். குடுப்போம், இல்லேன்னா குடுக்க மாட்டோம். வெள்ளத்தாயி கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வரும்போது பித்தளைக் குடம் ஒரு கையில, நாய்க்குட்டி ஒரு கையில, அப்பிடித்தான் வந்தா. அவ வீட்டுச் சீரு அது. அந்தக் குட்டியோட வம்சந்தான் இந்த ஜமீன். அதனால நாயி அவளுதுன்னு அவ சொல்லுவா. சொல்லிக்கிடட்டும். பழக்குனது யாரு? போன வருசம் ஒருத்தரு, பேரு வேண்டாம், கொடி வச்ச காருல வந்து இதைக் கேட்டாரு. என் உசுரு இருக்கிற வரைக்கும் ஜமீன் இந்த வாசலைத் தாண்டாதுன்னு மொகத்துக்கு நேராச் சொல்லி அனுப்பிட்டேன்.

என்ன, என் மூஞ்சியவே பாக்கீங்க? மீசையைக் காணோம்னா? அது திருச்செந்தூருக்கு நேந்துக்கிட்டது. இல்ல, மொட்டை போடல. மீசை மட்டும் நேந்துக்கிட்டேன். நேந்துக்கிடக் கூடாதா? வளந்துக்கிட்டுதான் இருக்கு, விடுங்க.

பழக்குறதுன்னா சும்மா இல்ல தம்பி. குட்டியா இருக்கையிலயே கம்பங்கூழு, மோரு, முட்டை. இந்த வீட்டுல எனக்கு முட்டை கிடையாது, ஜமீனுக்கு உண்டு. விடியக்காலம் மொபெட்டை எடுத்துக்கிட்டு நான் முன்னால போவேன், அது பின்னால ஓடி வரும். கொஞ்ச நாள்ல அது முன்னால ஓடுச்சு, நான் பின்னால போனேன். பழைய சாக்கைச் சுருட்டிக் கயித்துல கட்டி இழுப்பேன், பாஞ்சு கவ்வும். கவ்வுனா அமுக்கிப் புடிக்கணும், பல்லு பதியக் கூடாது. புடிச்சதைக் கொண்டாந்து எசமான் காலடியில போடணும்.

எல்லாத்துக்கும் மேல ஒரு பாடம் இருக்கு. வேட்டை நாய் வளக்கிறவனுக்குப் பெரிய தலைவலி எது தெரியுமா? ஊரான் வீட்டு அடைக்கோழி, கட்டிப் போட்ட ஆட்டுக்குட்டி. நாயி அதுல வாயை வச்சுருச்சுன்னா ஊரு நம்மளை வாழ விடாது. அதனால நான் ஒரு சட்டம் போட்டேன். உக்காந்திருக்கிறது வீட்டுது, ஓடுறதுதான் வேட்டை. உக்காந்திருக்கிறதை மோந்து பாத்தாக்கூட அன்னைக்கு முட்டை கிடையாது. ஒரு வருசம் இதே பாடம். வேற எவனாவது இப்பிடிப் பழக்கியிருக்கானான்னு கேட்டுப் பாருங்க. ஓடுற கோழியா? அது வேட்டைதான். அதுக்கு ரெண்டு தடவை சண்டை வந்துச்சு, அதை விடுங்க.

நாயி தயாரு. ஆனா வேட்டை எங்க இருக்கு? காட்டு மொசலைத் தொட்டாக் கேஸு. சட்டம் சட்டந்தான், நான் மீற மாட்டேன். ஆனாலும் தம்பி, மனசு கேக்குமா? படிச்சு முடிச்சுட்டு வேலை கிடைக்காத பிள்ளை மாதிரி அந்த மரத்தடியிலயே நிக்குது. ஒரே ஒரு தடவை. நிசமான மொசலு ஓடணும், ஜமீன் ஓடிப் புடிச்சு என் காலடியில கொண்டாந்து போடணும். அதைப் பாத்துட்டாப் போதும்னு கிடந்தேன். பொய் சொல்லல, அதை நெனைச்சு எனக்குச் சோறு எறங்காது.

பெஞ்சா? அது எங்க இருந்து வந்துச்சுன்னா, மதுரையில இவ அக்கா வீட்டு மாடியில குடியிருந்தவங்க வெளிநாட்டுக்குப் போகையில விட்டுட்டுப் போயிட்டாங்க. வெள்ளத்தாயி ஒரு வயர்க்கூடையில வச்சு, மேல கொத்தமல்லிக் கட்டைப் பரப்பி, பஸ்ஸுல கொண்டாந்துட்டா. எனக்கு வந்துச்சே கோவம். ஜமீன் இருக்கிற வீட்டுல இது என்ன வேடிக்கைன்னு கத்துனேன். ராத்திரி வெளியில கட்டிப் போட்டேன். ஊளையிட்டுக்கிட்டே கிடந்துச்சு, ஊரு தூங்க வேண்டாமா? அதனால உள்ள விட்டேன். என் காலு மேல வந்து படுத்துக்கிடுச்சு. எறக்கி விடலாம், ஆனா பாவம், வாய் இல்லாத சீவன். பழகிப் போச்சு.

பயிற்சி ஒண்ணும் கிடையாது இதுக்கு. போன மழைக்கு வேலை வெட்டி இல்லாம இருந்தேன். வாசல்ல பாலத்து வேலைக்கு வந்து மிஞ்சுன சிமெண்டுக் குழாய் கிடந்துச்சு. ஒரு துண்டு கருவாட்டை அந்தப் பக்கம் வச்சேன். இது இந்தப் பக்கம் நுழைஞ்சு கவ்விருச்சு. அடுத்த நாளு இன்னொரு குழாயைச் சேத்தேன். அப்புறம் கொஞ்சம் வளைச்சு வச்சேன். அப்புறம் நடுவுல மண்ணைப் போட்டு அடைச்சேன், தோண்டிக்கிட்டு வந்துச்சு. உள்ள திரும்ப எடம் இல்லேன்னா பின்னாலயே நகந்து வரவும் தெரிஞ்சுக்கிடுச்சு. நான் வாயில வச்சு ஒரு சத்தம் குடுப்பேன், ‘ப்ச் ப்ச்’ன்னு, எங்க இருந்தாலும் வரும். இதைப் போயி பழக்குனதுன்னு சொல்ல முடியுமா? பொழுதுபோக்கு. ஏய், பிஸ்கோத்தைத் தம்பி கையில இருந்து புடுங்காத! பாதி குடுத்துருங்க தம்பி, இல்லேன்னா விடாது.

இப்பத்தான் விசயத்துக்கு வாரேன். என் மச்சினன் காளிராஜு, இவ கூடப் பொறந்த தம்பி. அவனுக்கு எந்த வேலையும் ஒரு வருசத்துக்கு மேல ஓடாது. போன்ல எவனோ முயல் பண்ணை வச்சுப் பெரிய ஆளாயிட்டதைப் பாத்திருக்கான். ஒடனே அவனும் வச்சான். வெள்ளை மொசலு, செவந்த கண்ணு. கூண்டை மட்டும் சொந்தமா அடிச்சான். நான் பாத்துட்டு, மாப்ளே, இந்தக் கூண்டு உன்னை மாதிரியே நிக்குதேன்னு சொன்னேன். ஒரே காத்து, கூண்டு மல்லாந்துருச்சு. மொசலு பூராவும் பக்கத்துக் காட்டுக்குள்ள எறங்கிருச்சு. பக்கத்துக் காடு யாருது? வெள்ளத்தாயிது. அதுல என்ன போட்டிருந்தா? கடலை.

நம்ம காட்டு மொசலுக்கு ஒரு மரியாதை உண்டு தம்பி. வளை தோண்டாது. புதருக்கடியில படுக்கும், ஆளைக் கண்டா ஓடும். இந்த வெள்ளைப் பயலுக வரப்புக்கடியில வளை தோண்டி வீடு கட்டிருச்சுக. முன்வாசல், பின்வாசல், பக்கவாசல். உள்ளயே குட்டி போடுது, வெளிய வந்து கடலைச் செடியத் திங்குது. வெள்ளத்தாயி ஒவ்வொரு நாளும் காட்டைப் பாத்துட்டு வந்து தம்பியத் திட்டுவா, அவன் இல்லாட்டா என்னைத் திட்டுவா.

நான் யோசிச்சேன். வளப்பு மொசலு, கோழி மாதிரி. வனத்துறைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அப்ப ஜமீனுக்கு வேட்டை வந்துருச்சு! அன்னைக்கு ராத்திரி எனக்குச் சந்தோசத்துல தூக்கமே வரல. வெள்ளத்தாயி சொன்னா, வளைக்குள்ள இருக்கிறதுக்கு ஜமீன் எதுக்கு, பெஞ்சை விட்டுப் பாருங்களேன்னா. நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பாத்தான். மறுநா டீக்கடையில காளிராஜும் அதையே சொன்னான். ‘அத்தான், உங்க ஜமீன் பாக்கத்தான் லெச்சணம். அது மொசலைப் புடிச்சு யாரு பாத்தா?’ன்னான். எல்லாரும் என்னையே பாக்காங்க. ஜமீன் அந்தக் காட்டைச் சுத்தம் பண்ணலேன்னா என் மீசையை எடுத்துருதேன்னு சொல்லிட்டேன். நல்ல மீசை தம்பி அது, ரெண்டு பக்கமும் காதுக்குப் போகும். இதுக்கும் திருச்செந்தூருக்கும் சம்பந்தம் இல்ல, அது வேற.

ஞாயித்துக்கிழமை காலையில ஊரே வரப்புல நிக்குது. ஜமீனைக் குளிப்பாட்டி, கழுத்துல புதுப்பட்டை போட்டுக் கூட்டிட்டுப் போனேன். கடலைச் செடிக்கு நடுவுல ஒரு மொசலு வெளிய உக்காந்திருக்கு. கயித்தை அவுத்து விட்டேன். போச்சு பாருங்க ஒரு போக்கு! காலு தரையில படுதா இல்லையான்னே தெரியல. கூட்டம் விசில் அடிக்குது.

மொசலுக்குப் பக்கத்துல போயி நின்னுருச்சு.

ஏன்னா அந்த மொசலு ஓடல. கூண்டுல பொறந்து வளந்தது, நாயைக் கண்டா ஓடணும்னு அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? உக்காந்து கடலை எலையை மென்னுக்கிட்டே இருக்கு. ஜமீன் சுத்திச் சுத்திப் பாத்துச்சு. அப்புறம் அதுக்கு எதுத்தாப்புல, முன்னங்காலை நீட்டி மரியாதையா உக்காந்துருச்சு. இது எப்ப ஓடும்னு காத்திருக்கு. மொசலு இன்னொரு எலையைப் புடுங்குச்சு. நம்ப மாட்டீங்க, எனக்கு அந்த நேரத்துலயும் பெருமையாத்தான் இருந்துச்சு. ஒரு வருசப் பாடம் தம்பி! ஊரே கத்துது, கண்ணு முன்னால கொழுத்த மொசலு, தொடலையே. எந்த நாயி நிக்கும்? கூட்டத்துல எவனோ, ‘கொம்பையாண்ணே, ரெண்டு பேருக்கும் எலை போட்டுரலாமா?’ன்னான். கொம்பையாங்கிறது என் பேரு. ஒழுக்கம்னா என்னன்னு அவனுகளுக்குத் தெரிஞ்சாத்தான?

அப்பத்தான் இந்தக் காளிராஜு குதிக்கான். ‘நான் வெரட்டி விடுதேன் அத்தான்’னு கையில கம்போட மொசலைப் பாத்து ஓடுதான். ஏலே ஓடாதேன்னு கத்துதேன், ஓடாதேலே, நடந்து போலேன்னு கத்துதேன். கேட்டாத்தான? மொசலு உக்காந்திருக்கு. இவன் ஓடுதான். ஜமீன் மொசலைப் பாத்துச்சு, இவனைப் பாத்துச்சு. எந்திரிச்சுச்சு.

அந்த ஓட்டத்தைச் சொல்லவா? காளிராஜு வாழ்க்கையில அப்பிடி ஓடுனதில்ல. வரப்பத் தாண்டுதான், வாய்க்காலைத் தாண்டுதான், ஜமீன் குறுக்கால வெட்டி மடக்குச்சு பாருங்க, அதுதான் கன்னி நாயி! கைலியோட சேத்துப் பின்பக்கமாக் கவ்வி, அமுக்கிப் படுக்க வச்சுருச்சு. ஒரு பல்லு பதியல, ஒரு கீறல் இல்ல. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே. அப்புறம் கைலியை மட்டும் உருவி, அம்புட்டு தூரம் தூக்கிட்டு வந்து, என் காலடியில போட்டுச்சு. நிமிந்து என் மொகத்தைப் பாத்து வாலாட்டுச்சு. காளிராஜு மோட்டார் ரூம் கூரை மேல ஏறி நின்னுக்கிட்டான். ஜமீனைக் கட்டிப் போட்டாத்தான் எறங்குவேன்னுட்டான். கட்டிப் போட்டேன்.

அந்த நேரத்துல வெள்ளத்தாயி வாரா, தலையில தூக்குச்சட்டி, கையில வெங்காயச் சாக்கு, காலுக்குள்ள இந்தப் பெஞ்சு. யாரையும் ஒண்ணும் கேக்கல. கூட வந்த பொம்பளைகளை வச்சு ஒவ்வொரு வளை வாயிலயும் சாக்கை விரிச்சுப் புடிச்சா. ஒரே ஒரு வளையை மட்டும் தொறந்து விட்டு, ‘போ ராசா’ன்னா. அம்புட்டுதான், பெஞ்சு உள்ள போயிருச்சு. மண்ணுக்கடியில ஒரு குரைப்புச் சத்தம் கேக்கு, வரப்புக்கடியில ஓடிக்கிட்டே இருக்கு. தொப்புன்னு ஒரு சாக்குல மொசலு. தொப்புன்னு அந்தச் சாக்குல ஒண்ணு. பொம்பளைகளுக்குச் சாக்கைச் சுருட்டிக் கட்ட நேரம் இல்ல. கூட்டம் பூராவும் அந்தப் பக்கம் போயிருச்சு. நான் ஜமீனுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, இதெல்லாம் ஒரு வேட்டையா, ஓட்டம் எங்க இருக்கு, அழகு எங்க இருக்குன்னு அதுகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன்.

அப்பத் திடீர்னு சத்தம் நின்னுருச்சு.

வரப்புல ஒரு எடம் பொதுக்குன்னு உள்வாங்கியிருந்துச்சு. வளை சரிஞ்சுருச்சு தம்பி. பெஞ்சு உள்ள.

நான் எப்பிடி அங்க போனேன்னு எனக்குத் தெரியாது. ஆளுகளைத் தள்ளிவிட்டுட்டுக் குப்புறப் படுத்து வளைக்குள்ள காதை வச்சேன். ஒண்ணும் கேக்கல. மம்பட்டியக் கொண்டாந்தாங்க, வேண்டாம், வெட்டு விழுந்துரும்னு கையாலயே தோண்டுனேன். வரப்பு போயிருமேன்னுதான், வெள்ளத்தாயி வரப்பு. இந்த நகத்தைப் பாருங்க, இன்னும் மொளைக்கல. தூக்குச்சட்டியில இருந்த கருவாட்டை எடுத்து வளை வாயில வச்சுக்கிட்டு, ‘ப்ச் ப்ச், பெஞ்சு, வாடா, வாடா என் தங்கம்’னு... ஏதோ சொன்னேன். அந்த நேரத்துல என்ன சொன்னேன்னு யாருக்கு நெனைப்பிருக்கு? மொதல்ல ஒரு வாலு தெரிஞ்சுச்சு. பின்னாலயே நகந்து, தும்மிக்கிட்டு, மண்ணு மண்ணா வந்துச்சு. கண்ணுல மண்ணு விழுந்துருச்சு எனக்கு, தண்ணியா ஊத்துச்சு. அப்பிடியே துண்டுல சுத்தித் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். ஆளு கனம் அதிகம். வாசலுக்கு வந்தப்புறந்தான் வெள்ளத்தாயி கேட்டா, ஜமீன் எங்கன்னு. அது மோட்டார் ரூம் தூண்லயே நிக்கு. நாந்தான் திரும்பப் போயி அவுத்துட்டு வந்தேன், மறக்கல்லாம் இல்ல.

மொசலு எல்லாம் கூண்டுக்குப் போச்சு. கொஞ்சம் கொழம்புக்கும் போச்சு. கடலை தப்பிச்சுச்சு. மறுநாத்தான் எனக்குத் திருச்செந்தூர் நேத்திக்கடன் நெனைப்பு வந்துச்சு. அங்க கூட்டமா இருக்குமேன்னு நம்ம ஊரு சலூன்லயே எடுத்துட்டேன். காளிராஜு தொணைக்கு வந்தான். ஊர்க்காரங்களும் கொஞ்சம் பேரு தொணைக்கு வந்தாங்க. திருச்செந்தூருக்கு இன்னும் போகல, போகணும்.

இம்புட்டும் எதுக்குச் சொல்லுதேன்னா தம்பி, ஜமீனோட அருமை தெரிஞ்சவங்ககிட்டதான் ஜமீனைப் பத்திப் பேச முடியும். இப்பக் கேளுங்க. ஆனா ஒண்ணு, என் உசுரு இருக்கிற வரைக்கும்...

என்ன? என்ன போன்ல காட்டுதீங்க? காளிராஜு போட்ட வீடியோவா? அந்தப் பய சொல்லவே இல்லையே. ஆமா, வரப்பு. ஆமா, அது என் முதுகு. சத்தத்தைக் கொறைங்க. ‘என் தங்கம்’னு கேக்குதா? அது நானா இருக்காது. மண்ணு விழுந்துச்சுன்னு சொன்னேன்லா, அது அழுக இல்ல. இம்புட்டுப் பேரு பாத்திருக்காங்களா இதை?

உங்க தென்னந்தோப்புல மொசலா? நீங்களும் பண்ணை வச்சீங்களா? அட, படிச்சவரு மாதிரி இருக்கீங்களே. வாய்க்கால் கரை பூராவும் வளையா. அப்ப நீங்க வந்தது ஜமீனுக்கு இல்லையா? பெஞ்சுக்கா?

நாலு நாளைக்கு மட்டுமா? வெள்ளத்தாயிகிட்ட போன்லயே கேட்டாச்சா? அவ சரின்னுட்டாளா? ஏட்டி வெள்ளத்தாயி! அவ சொன்னா ஆச்சா? ஜமீன்தான் அவ வீட்டுச் சீரு. இது பஸ்ஸுல வந்தது.

இல்ல தம்பி, முடியாது. கோவிச்சுக்கிடாதீங்க. இதுக்குக் கார் ஒத்துக்கிடாது, வாந்தி எடுக்கும். ஈரோட்டுத் தண்ணியும் ஒத்துக்கிடாது. ராத்திரி என் காலு மேல படுத்தாத்தான் இதுக்குத் தூக்கம் வரும். உள்ள சிரிக்கா பாருங்க. என்னட்டி சிரிப்பு? சரி, இதுக்கில்ல, எனக்குத்தான். இது காலு மேல கனமாக் கிடக்கலேன்னா எனக்குத் தூக்கம் வராது, போதுமா? அன்னைக்கு அந்த வளைக்குள்ள சத்தம் நின்னப்பவே என் உசுரு பாதி போயிருச்சு. மிச்சம் பாதியையும் நீங்க காருல வச்சுக் கொண்டு போறேங்கீங்க.

ஆனா வெறுங்கையோட போகக் கூடாது நீங்க, அம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க. அந்தா ஜமீன் நிக்குது. நாலு நாளு என்ன, ஒரு மாசம் வச்சிருங்க. கயிறு மரத்துலதான் கட்டியிருக்கு, நீங்களே போயி அவுத்துக்கிடுங்க. நான் எந்திரிக்க முடியல, மடியில இது தூங்குது.

மெதுவா நடந்து போங்க தம்பி. ஓடிராதீங்க.